விட்ட பிறகு வரும் மாதங்கள்

நாம் குடிக்கிற இந்த டீயிலும் ஓர் ஊக்கி இருக்கிறது. அங்கிருந்தே தொடங்குவோம். ஏனென்றால், "டீ, காபி மாதிரிதான்டா, கொஞ்சம் ஸ்ட்ராங், அவ்வளவுதான்" என்று சொல்லி மெத் என்கிற மெத்தம்பெட்டமைன் போதைப்பொருளைக் கையில் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். பரீட்சைக்கு முந்தின ராத்திரியிலும், இரட்டை ஷிப்ட் பார்க்கிற இடத்திலும், விடியவிடிய வண்டி ஓட்டுகிறவர்களிடமும் இந்தப் பேச்சு எடுபட்டுவிடுகிறது.

பகல் முழுக்க விழித்திருக்கும்போது மூளையில் அடினோசின் என்றொரு பொருள் சேர்ந்துகொண்டே வரும். அது சேரச் சேரக் கண் சொக்கும். டீயிலுள்ள காஃபீன், அடினோசின் போய் ஒட்டவேண்டிய இடத்தில் தான் முந்திப்போய் ஒட்டிக்கொள்கிறது. தூங்கச் சொல்லும் செய்தி கொஞ்ச நேரம் போய்ச்சேராது. காஃபீனின் முக்கிய வேலை அவ்வளவுதான். மெத்தம்பெட்டமைன் வேலை பார்க்கும் இடமும் வேறு, விதமும் வேறு.

முதலில் பெயர்களைச் சொல்லிவிடுகிறேன். வீட்டில் காதில் விழுந்தால் அடையாளம் தெரியட்டும். நம் ஊரில் மெத், கிரிஸ்டல், ஐஸ் என்கிறார்கள். இலங்கையில் ஐஸ் என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். தாய்லாந்தில் காஃபீன் கலந்து சின்ன மாத்திரையாக விற்பதற்கு யாபா என்று பெயர். பொட்டலத்தில் பெரும்பாலும் நிறமற்ற சில்லுகளாக இருக்கும். சூடாக்கிப் புகையை இழுப்பவர்கள் அதிகம். மூக்கில் உறிஞ்சுபவர்களும் ஊசி போட்டுக்கொள்பவர்களும் விழுங்குபவர்களும் உண்டு. புகையும் ஊசியும் நொடிக்கணக்கில் மூளையைத் தொட்டுவிடும். ஆளைச் சீக்கிரம் பிடித்துவைப்பதும் அந்த இரண்டு வழிகள்தான்.

எங்கிருந்து வருகிறது என்று கேட்பீர்கள். இந்தப் பக்கத்துக்கு வருவதில் ஒரு பங்கு மியன்மாரின் ஷான் மாநிலத்திலிருந்து வருகிறது. கடல்வழி ஒரு முக்கியப் பாதை. 2023 மே மாதம் கொச்சிக்கு அப்பாலுள்ள கடலில் சுமார் 2,500 கிலோவைக் கடற்படையும் போதைப்பொருள் தடுப்புப் பிரிவும் பிடித்தன. 2024 நவம்பரில் அந்தமான் அருகே மியன்மார் மீன்பிடிப் படகு ஒன்றில் கடலோரக் காவல்படை கைப்பற்றியது 5,500 கிலோவுக்கும் மேல். அவ்வளவு மலிவாகவும் அவ்வளவு அதிகமாகவும் செய்யப்படுகிற பொருள் வழியிலுள்ள ஊர்களில் சிந்தாமல் போகாது.

இது ஏதோ புதுசாக முளைத்தது என்று பலர் நினைக்கிறார்கள். 1893-லேயே நாகாய் நாகயோஷி என்ற ஜப்பானிய வேதியியலாளர் இதை உருவாக்கிவிட்டார். 1938-ல் ஜெர்மனியின் டெம்லர் நிறுவனம் பெர்விட்டின் என்று பெயர் வைத்து மருந்துக்கடைகளிலேயே விற்றது. அடுத்து போர் வந்தது. 1940-ல் பிரான்சின் மீது படையெடுத்த மாதங்களில் ஜெர்மானியப் படைகளுக்குப் போன மாத்திரைகள் சுமார் மூன்றரைக் கோடி. பின்னாளில் இலக்கியத்துக்கான நோபல் பரிசு பெற்ற ஹைன்ரிஷ் ப்யோல் அப்போது இளம் சிப்பாய். களத்திலிருந்து வீட்டுக்கு எழுதிய கடிதங்களில் பெர்விட்டின் வாங்கி அனுப்பச் சொல்லிக் கேட்டிருக்கிறார். 1941-ல் ஜெர்மனியே அதைக் கடும் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. ஜப்பானில் இதற்கு ஹிரோப்பான் என்று பெயர். போர் முடிந்ததும் ராணுவக் கிடங்குகளில் மிச்சமிருந்தது ஊருக்குள் பரவியது. 1951-ல் தனிச் சட்டம் போட்டுத் தடுத்தார்கள். அதற்குப் பிறகும் 1954-ல் மட்டும் 55,000 பேருக்கு மேல் கைதானார்கள்.

இந்தப் பழங்கதையை இவ்வளவு நேரம் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. "கலப்படம்தான் ஆபத்து, நல்ல சரக்கு ஒன்றும் செய்யாது" என்று பையன்கள் நம்புகிறார்கள். பெர்விட்டினும் ஹிரோப்பானும் மருந்துத் தொழிற்சாலையில், சரியான அளவில், சுத்தமாகச் செய்யப்பட்டவை. அவையே ஒரு தலைமுறையைத் தூங்கவிடாமல் அலைக்கழித்தன. இன்றைக்கும் அமெரிக்காவில் கவனச்சிதறல் நோய்க்கு மிகக் குறைந்த அளவில், மருத்துவர் சீட்டோடு, அபூர்வமாக இதைக் கொடுப்பதுண்டு. அந்த அளவுக்கும் ஒரு குழாயில் இழுக்கும் அளவுக்கும் சம்பந்தமே இல்லை.

சரி, உள்ளே போய் என்ன செய்கிறது?

டோபமைன் என்ற பெயரைக் கேட்டிருப்பீர்கள். பசித்த நேரத்தில் சோறு கிடைக்கும்போதும், வெகுநாள் கழித்து நண்பனைப் பார்க்கும்போதும், "இது நல்லது, நினைவில் வைத்துக்கொள், மறுபடி செய்" என்று மூளைக்குச் சொல்வதில் அதற்குப் பெரும்பங்கு உண்டு. நரம்பணுக்களின் உள்ளே நுண்ணிய பைகளில் அது சேமித்து வைக்கப்பட்டிருக்கிறது. தேவைப்படும்போது கொஞ்சம் வெளியே வரும். வேலை முடிந்ததும் அணுவின் சுவரிலுள்ள கடத்திகள் அதைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ளும். மெத் அந்தக் கடத்தி வழியாகவே உள்ளே நுழைகிறது. நுழைந்து, சேமிப்புப் பைகளைக் கசியவைக்கிறது. பிறகு கடத்தியைத் தலைகீழாக ஓடவைக்கிறது: உள்ளே இழுக்கவேண்டியது வெளியே கொட்டத் தொடங்குகிறது. மேல்தொட்டியிலிருந்து குழாயைத் திறந்து ஒரு வாளி பிடிப்பதற்கும், தொட்டியின் அடிப்பாகத்தையே உடைத்துவிடுவதற்கும் உள்ள வித்தியாசம் இது. எலிகளின் மூளையில் அளந்து பார்த்தபோது டோபமைன் வழக்கமான அளவைப்போல் பத்து மடங்குக்கும் மேல் ஏறியது. எந்தச் சாப்பாடும் எந்த வெற்றியும் தரமுடியாத அளவு அது. கூடவே நோர்அட்ரினலினும் கொட்டுகிறது. இதயத்தையும் ரத்தக் குழாய்களையும் விரட்டுவது அதுதான்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கொக்கைன் உடம்பில் பாதியாகக் குறைய ஏறக்குறைய ஒரு மணி நேரம் போதும். மெத்துக்குப் பத்திலிருந்து பன்னிரண்டு மணி நேரம் ஆகும். ராத்திரி பத்து மணிக்கு இழுத்தவன் உடம்பில், மறுநாள் காலை இட்லி சாப்பிடும் நேரத்திலும் பாதி மிச்சமிருக்கும். அவன் இட்லி சாப்பிடமாட்டான் என்பது வேறு விஷயம், பசி செத்துப்போயிருக்கும்.

எடுத்த முதல் மணி நேரங்களில் ஆள் உற்சாகமாக இருப்பான். பேச்சில் வேகம், கண்மணி விரிந்திருக்கும், வியர்க்கும், தாடை இறுகிப் பல்லை நறநறவென்று கடிப்பான். தன்னால் எதுவும் முடியும் என்ற எண்ணம். அதன்பின் ஒரு காரியத்தில் மாட்டிக்கொள்வான். மிக்ஸியைக் கழற்றுவான். ஸ்க்ரூக்களை அளவுவாரியாகத் தரையில் அடுக்குவான், மோட்டாரைத் துடைப்பான், திரும்பப் பூட்டமாட்டான். அப்படியே விட்டுவிட்டு ஃபேன் ரெகுலேட்டரைக் கழற்றப் போய்விடுவான். விடிகாலை நான்கு மணிக்கு அம்மா எழுந்து பார்த்தால் கூடமெல்லாம் பாகங்கள். கேட்டால், "இப்பத்தாம்மா ஆரம்பிச்சேன்" என்பான். பொய்யில்லை, அவனுக்கு அப்படித்தான் தோன்றும். அர்த்தமில்லாமல் ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்வது இந்த வகை ஊக்கிகளின் பழகிய அடையாளம். மருத்துவர்கள் பல பத்தாண்டுகளுக்கு முன்பே எழுதிவைத்திருக்கிறார்கள்.

உடம்பில் முதலில் அடிவாங்குவது இதயம். ரத்த அழுத்தம் எகிறுகிறது, துடிப்பு தாறுமாறாகிறது, ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. இருபத்தைந்து, முப்பது வயதில், சர்க்கரையும் இல்லை, கொழுப்பும் இல்லை, மாரடைப்பு மட்டும் வருகிறது என்றால் எங்கள் ஊரிலும் டாக்டர்கள் இப்போது இந்தக் கேள்வியைக் கேட்கத்தான் வேண்டும். மூளையில் ரத்தக் குழாய் வெடித்துப் பக்கவாதம் வரலாம். நாள்பட்ட பழக்கத்தில் இதயத் தசை தளர்ந்து விரிந்து, படியேறினாலே மூச்சுவாங்கும் நிலை வரும். இதில் ஓர் ஆறுதல் உண்டு: காலத்தோடு நிறுத்திச் சிகிச்சை எடுத்தால் அந்தத் தசை பலருக்கு ஓரளவு தேறிவருகிறது.

இதயத்துக்கு அடுத்தபடி நான் பயப்படுவது உடல்சூட்டை. மெத் உடம்பின் வெப்பத்தை ஏற்றும். ஏற்றிய வெப்பம் வெளியேறும் வழியையும் குறைக்கும். தோலுக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சுருங்கிக் கிடப்பதால் சூடு உள்ளேயே நிற்கிறது. மே மாதத்துச் சென்னையில், அடைத்த அறையில், தண்ணீர் குடிக்கும் நினைவே இல்லாமல் ஆட்டம் போடுகிறவனுக்கு என்ன ஆகும் என்று யோசியுங்கள். உடம்பு 41 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் தசை கரையத் தொடங்கி, சிறுநீரகம் செயலிழந்து, வலிப்பு வந்து உயிர் போகலாம். மெத்தால் திடீரென்று சாகிறவர்களில் ஒரு பகுதியினர் இப்படித்தான் சாகிறார்கள்.

மனதுக்கு வருவோம். இரண்டு மூன்று நாள் தூக்கமில்லாமல் போனால் சந்தேகம் தொடங்கும். தெருவில் நிற்கும் பைக் தன்னைத்தான் வேவு பார்க்கிறது, போனை யாரோ ஒட்டுக்கேட்கிறார்கள், அப்பாவே காட்டிக்கொடுத்துவிட்டார். பிறகு குரல்கள். பிறகு, தோலுக்கு அடியில் ஏதோ ஊர்கிறது. இதை ஒரு முறை பக்கத்தில் பார்த்தால் மறக்காது. முன்கையை விளக்குக்கு நேராகப் பிடித்து, மற்றக் கையின் நகத்தால் ஒரே இடத்தைக் கிள்ளிக்கிள்ளி, ரத்தம் வந்தபின்னும் நிறுத்தாமல், "பாருங்க, போகுது பாருங்க" என்று காட்டுவார்கள். கையிலும் முகத்திலும் காய்ந்ததும் காயாததுமாகச் சின்னச்சின்னப் புண்கள். அங்கே எதுவும் இல்லை என்று வாதம் செய்து பயனில்லை, அவர் உண்மையிலேயே அதை உணர்கிறார்.

இந்த நிலையில் பல குடும்பங்கள் மந்திரிக்கக் கூட்டிப்போகின்றன. அங்கே போய்வரும் நாட்கள் வீணாகின்றன. இது போதைப்பொருள் உண்டாக்கிய மனநோய். பெரும்பாலோருக்கு நிறுத்திச் சில நாட்களிலோ ஓரிரு வாரங்களிலோ தணிந்துவிடும். சிலருக்கு மாதக்கணக்கில் நீடிக்கும். ஒருமுறை வந்தவருக்கு, பின்னாளில் மெத்தே தொடாவிட்டாலும், தூக்கம் கெட்டாலோ பெரிய மனஉளைச்சல் வந்தாலோ திரும்ப வரக்கூடும். ஆகவே தணிந்துவிட்டது என்று டாக்டரை விட்டுவிடாதீர்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வாய் வறள்வதும், பல்லைக் கடிப்பதும், இனிப்புப் பானங்களின் மேல் வெறியும், பல் தேய்க்கும் நினைவே போவதும் சேர்ந்து பல்லை அழிக்கும். 2015-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 571 பேரைச் சோதித்தபோது, 31 சதவீதம் பேருக்கு ஆறோ அதற்கு மேலோ பற்களைக் காணோம். ஊசி பகிர்ந்தால் எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் சி. கர்ப்பகாலத்தில் எடுத்தால் குழந்தை எடை குறைந்தும் நாள் முந்தியும் பிறக்கலாம். நினைவாற்றலும் முடிவெடுக்கும் திறனும் மங்கும். பிற்காலத்தில் பார்க்கின்சன் நோய் வரும் வாய்ப்பும் கூடுகிறது.

இனி நான் உண்மையில் பேச வந்த இடத்துக்கு வருகிறேன். இன்னொரு டீ சொல்லிக்கொள்ளுங்கள், இதுதான் நீளமானது.

நிறுத்திய முதல் சில நாட்கள் தூக்கம்தான். பகலும் இரவும் தூங்குவான், எழுந்து கிடைத்ததையெல்லாம் சாப்பிடுவான், மறுபடி தூங்குவான். வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. "சரியாகிவிட்டான்" என்று கோயிலில் வேண்டுதல்கூட நிறைவேற்றிவிடுவார்கள். ஒரு வாரம், பத்து நாள் கழித்துத்தான் அடுத்த கட்டம் வருகிறது. யாரும் அதைப்பற்றி முன்கூட்டிச் சொல்வதில்லை.

எதிலும் ருசி இருக்காது. பிடித்த மீன்குழம்பும் சப்பென்றிருக்கும். கிரிக்கெட் ஓடும், பார்க்கமாட்டான். தங்கை கல்யாணத்தில் ஓரமாக உட்கார்ந்திருப்பான். கேட்டால் "ஒண்ணும் இல்ல" என்பான், எரிந்துவிழுவான். வீடு இதைச் சோம்பேறித்தனம் என்கிறது, நன்றிகெட்ட தனம் என்கிறது. "இவ்வளவு செலவு பண்ணினோம், முகத்தில் ஒரு சிரிப்பு இல்லையே" என்கிறது. அவன் மூளையில் டோபமைன் கடத்திகள் குறைந்துபோயிருக்கின்றன. அந்தக் கட்டமைப்பே தளர்ந்து கிடக்கிறது. சிரிப்பு வரவேண்டிய வழி இன்னும் சரியாகவில்லை. சில மாதங்கள் இப்படி இழுக்கலாம். தற்கொலை எண்ணம் தலைதூக்குவதும் இந்தக் காலத்தில்தான். திரும்ப மெத்தை எடுப்பவர்களில் நிறையப்பேர் சந்தோஷத்தைத் தேடி எடுப்பதில்லை, இந்த வெறுமை தாங்காமல் எடுக்கிறார்கள்.

இது நிரந்தரமா? இல்லை என்று சொல்ல நல்ல ஆதாரம் இருக்கிறது. 2001-ல் நோரா வோல்கோவும் உடன் ஆய்வாளர்களும் மெத்தை விட்டவர்களின் மூளையைப் பெட் ஸ்கேனில் படம்பிடித்தார்கள். விட்ட தொடக்கத்தில் ஒருமுறை, ஓராண்டுக்கு மேல் விலகியிருந்த பிறகு அதே ஆட்களை இன்னொரு முறை. ஆட்கள் மிகக் குறைவுதான். ஆனாலும் குறைந்துபோயிருந்த கடத்திகள் கணிசமாகத் திரும்பியிருந்தன. நினைவாற்றல் சோதனைகளில் அதே அளவு முன்னேற்றம் தெரியவில்லை என்பதையும் அவர்கள் மறைக்கவில்லை. மூளை தேறுகிறது, ஆனால் மாதக்கணக்கில், சில விஷயங்களில் முழுமையில்லாமல். வீட்டிலுள்ளவர்கள் இந்தக் கணக்கை முதல் நாளே தெரிந்துகொண்டால், மூன்றாம் மாதத்து வெறித்த முகத்தைப் பார்த்துக் கையை ஓங்கமாட்டார்கள்.

ஹெராயினுக்கு மெத்தடோன், புப்ரனார்ஃபின் என்று மாற்று மருந்துகள் உண்டு. மெத்துக்கு அப்படி அங்கீகரிக்கப்பட்ட மருந்து இன்னும் எதுவும் இல்லை. 2021-ல் வெளியான ஒரு பெரிய சோதனையில் நால்ட்ரெக்சோன் ஊசியும் புப்ரோபியான் மாத்திரையும் சேர்ந்து 13.6 சதவீதம் பேருக்குப் பலன் தந்தன. வெற்று மருந்து எடுத்தவர்களில் அது 2.5 சதவீதம். சிறிய வெற்றி, ஆனால் வெற்றிதான். இதுவரை கைகொடுத்ததில் முன்னால் நிற்பது பேச்சுவழிச் சிகிச்சையும் பரிசுமுறையும். சிறுநீர்ச் சோதனையில் மெத் இல்லை என்று வரும் ஒவ்வொரு முறையும் ஒரு சிறு வெகுமதி, தொடர்ந்து சுத்தமாக வந்தால் வெகுமதி கூடும். சிறுபிள்ளைத்தனமாகத் தெரியும். மங்கிக் கிடக்கும் மூளைக்கு, மெத் இல்லாத ஒன்று கையில் உடனே கிடைக்கவேண்டும் என்பதுதான் அதன் அடிப்படை. தினமும் ஒரே நேரத்துக்கு எழுவதும், நடைப்பயிற்சியும், சின்ன வேலையொன்றும் இதே காரணத்தால்தான் உதவுகின்றன.

கட்டிவைத்து அடிக்கிற "மறுவாழ்வு மைய"ங்களைப் பற்றி ஒரு வார்த்தை. அடித்தால் ஒரு கடத்தியும் வளராது. இந்தியாவில் சேர்ப்பதற்கு முன், மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெற்ற இடமா, மனநல மருத்துவர் வருகிறாரா, நீங்கள் போய்ப் பார்க்க அனுமதி உண்டா என்று கேளுங்கள். மூன்றாவது கேள்விக்கு முகம் சுளித்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

போலீஸ் பயத்தில் சிகிச்சையைத் தள்ளிப்போடுபவர்கள் உண்டு. இந்தியாவின் 1985-ம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தில் மெத்துக்கு 2 கிராம் வரை சிறு அளவு. 50 கிராமைத் தாண்டினால் வணிக அளவு, குறைந்தது பத்தாண்டுச் சிறை. அதே சட்டத்தின் 64ஏ பிரிவு, பழக்கத்துக்கு ஆளானவர் தானே முன்வந்து அரசு மருத்துவமனையிலோ அரசு அங்கீகரித்த இடத்திலோ சிகிச்சை எடுத்தால், உட்கொண்டதற்காகவோ சிறு அளவுக்காகவோ தொடரும் வழக்கிலிருந்து பாதுகாப்புத் தருகிறது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்தப் பாதுகாப்பு பறிபோகலாம். இலங்கையில் 2022-ல் திருத்திய சட்டப்படி 5 கிராமோ அதற்கு மேலோ ஐஸ் வைத்திருந்தால் மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை. அங்கே "நண்பனுக்காகக் கொஞ்சம் வைத்திருந்தேன்" என்ற பேச்சுக்கு இடமே இல்லை.

அவசரம் என்றால் எது? நெஞ்சுவலி, வலிப்பு, உடம்பு கொதிப்பது, ஒரு பக்கம் இழுப்பது, நினைவு தடுமாறுவது. உடனே 108, இலங்கையில் 1990. ஆம்புலன்ஸ் வரும்வரை குளிர்ந்த இடத்தில் வையுங்கள், சட்டையைத் தளர்த்தி ஈரத்துணியால் துடையுங்கள். கைகாலைக் கட்டாதீர்கள், கட்டினால் திமிறுவார், திமிறினால் சூடு இன்னும் ஏறும். சந்தேகத்தில் வெறிபிடித்தவர்போல் இருந்தால் விளக்கைக் குறைத்து, ஒருவர் மட்டும், தாழ்ந்த குரலில், வாசலை மறைக்காமல் நின்று பேசுங்கள். மருத்துவமனையில் "என்னமோ சாப்பிட்டான்" என்று மழுப்பாதீர்கள். மெத் என்று தெரிந்தால் கொடுக்கிற மருந்தே மாறும்.

அவசரமில்லாத நாளில் 14446 என்ற இந்தியாவின் போதை மீட்பு உதவி எண்ணை அழைக்கலாம், இலங்கையில் 1927. பையன் வரமாட்டேன் என்றால் நீங்கள் மட்டும் போங்கள். எப்போது பேசலாம், எப்போது பேசாமல் விடவேண்டும், எந்தப் பணத்தைக் கையில் கொடுக்கக்கூடாது, அவன் தெளிவாக இருக்கும் நாளில் என்ன சமைத்து எப்படிக் கூப்பிட்டு உட்காரவைக்கலாம் என்று வீட்டாருக்கே கற்றுத்தரும் சிகிச்சைமுறை இருக்கிறது. அப்படி வீட்டார் தொடங்கிவைத்து, பிறகு தானாகவே சிகிச்சைக்கு வந்து சேர்ந்தவர்கள் நிறையப்பேர்.